மச்சான்தான் ஓட்டினான், பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கும் 10,000 ரூபாய் செலான். இது சரியா?

கேள்வி: வேளச்சேரி ஏசி மெக்கானிக்

எல்லாருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை ராத்திரி நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சின்னமலையில் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் நாலைந்து பேர் உட்கார்ந்தோம். நான் ஒரு குவார்ட்டர் முழுசாகக் குடித்திருந்தேன். என் மனைவியின் தம்பி, 24 வயசு, கடைசியில் வந்து ஒரே ஒரு கட்டிங் போட்டான். பதினொரு மணிக்குக் கிளம்பும்போது எனக்குத் தலை கொஞ்சம் ஆடியது. "நீ கொஞ்சமாத்தான குடிச்ச, நீயே ஓட்டு" என்று சாவியை அவன் கையில் கொடுத்தது நான்தான். வண்டியும் என் பெயரில் இருக்கிற வண்டி.

ஐந்து பர்லாங் ரோடு பக்கம் தடுப்பு போட்டு நிறுத்தினார்கள். மிஷினில் புதுக் குழாய் ஒன்றைப் பிரித்து மாட்டி அவனை ஊதச் சொன்னார்கள். முதல் தடவை மூச்சு பத்தவில்லை, மறுபடி ஊதினான். 58 என்று வந்தது. என்னைப் பார்த்து "நீங்க யாரு, எங்கேர்ந்து வர்றீங்க, வண்டி யாருது?" என்று எஸ்.ஐ. கேட்டார். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். என்னையும் ஊதச் சொல்லிவிட்டு, இரண்டு பேர் மேலும் கேஸ் எழுதினார்கள். அவன் லைசென்ஸை வாங்கிக்கொண்டார்கள். வண்டி ஸ்டேஷனுக்குப் போனது. நாங்கள் இரண்டு பேரும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். அவன் வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

என் கேள்விகள் இவைதான். ஓட்டாத எனக்கு எப்படி 10,000 ரூபாய்? ஒரு கட்டிங்குக்கு 58 வருமா, மிஷின் தப்பா? எங்கள் ஏரியாவில் ஒருவர் "ஆளுக்கு ஐந்தாயிரம் கொடுங்க, கோர்ட்டுக்குப் போகாமலே முடிச்சுத் தர்றேன்" என்கிறார், நம்பலாமா? எல்லாவற்றையும் விட முக்கியமானது, அவன் சாப்பாடு டெலிவரி வேலை பார்க்கிறான். லைசென்ஸ் இல்லை என்றால் அவனுக்குச் சம்பாத்தியமே இல்லை. அதைத் திரும்ப வாங்க என்ன செய்யணும்?

பதில் 1: கிண்டிக்காரன்

கோர்ட்டுக்குப் போய்ப் பணத்தைக் கட்டிவிடுங்கள் நண்பா, வேறு வழி இல்லை. அடுத்த தடவை வெற்றிலை பாக்கு போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ஊதும்போது மூச்சை முழுசாக விடாமல் மேலாக விட்டால் நம்பர் ஏறாது. நான் இரண்டு தடவை தப்பித்திருக்கிறேன்.

பதில் 2: ஓய்வுபெற்ற டிராபிக் எஸ்.எஸ்.ஐ.

முதலில் மேலே சொன்னவருக்கு. தம்பி, வெற்றிலை வாய் நாற்றத்தைத்தான் மறைக்கும். மிஷின் அளப்பது ரத்தத்திலிருந்து நுரையீரல் காற்றில் கலந்து வருகிற ஆல்கஹாலை. மேலாக ஊதினால் மிஷின் ஏற்காது, திரும்ப ஊதச் சொல்வார்கள். ஊதவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் அதுவும் வழக்கில் உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும். நீங்கள் தப்பித்த அந்த இரண்டு ராத்திரியும் ரோட்டில் யாரும் குறுக்கே வரவில்லை, அவ்வளவுதான். இதை யாருக்கும் யோசனையாகச் சொல்லாதீர்கள்.

இப்போது கேட்டவருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவின்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், சிறை 2 வருஷம் வரை. 2019 திருத்தத்துக்கு முன்னால் முதல் தடவைக்கு 2,000 ரூபாய் வரைக்கும்தான். 'ரெண்டாயிரம்தானே' என்று சிரித்துக்கொண்டே கட்டிவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

உங்களுக்கு ஏன் என்றால், 188-ஆவது பிரிவு. இந்தக் குற்றத்துக்குத் துணை போனவருக்கும் அதே தண்டனை என்று அது சொல்கிறது. பிரிவு ரொம்ப நாளாகவே சட்டத்தில் இருப்பதுதான். 2022 அக்டோபரில் புதிய அபராதத் தொகைகள் அமலுக்கு வந்தபோது, குடித்தவரின் வண்டியில் கூட வருகிறவர்கள் மேலும் வழக்கு வரும் என்று சென்னை டிராபிக் போலீஸ் வெளிப்படையாகவே அறிவித்தார்கள். பின்னால் உட்கார்ந்த எல்லார் மேலும் கண்ணை மூடிக்கொண்டு போடுவது எனக்குச் சம்மதமில்லை. லிப்ட் கேட்டு ஏறியவனுக்கு, ஓட்டுகிறவன் குடித்தது தெரியாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் விஷயம் அப்படி இல்லையே. அவன் குடித்ததை நீங்கள் பார்த்தீர்கள், சாவியை நீங்களே கொடுத்தீர்கள், வண்டியும் உங்களுடையது. மனசு கஷ்டப்படும்படி சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். இதே ராத்திரி நீங்கள் இரண்டு பேரும் ஆட்டோவில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருந்தால் 185 வந்திருக்காது.

58 பற்றிச் சொல்கிறேன். ஒரு கட்டிங் என்பது 90 மில்லி. அதில் கிட்டத்தட்ட 30 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. அறுபது, எழுபது கிலோ எடையுள்ள ஆளுக்கு அதுவே 60 மில்லிகிராம் பக்கம் கொண்டுபோய்விடும். மிஷின் தப்பு செய்யவில்லை. கடைசி வாய் குடித்த உடனே ஊதினால் வாயில் தங்கின ஆல்கஹால் நம்பரை ஏற்றிக் காட்டலாம். அந்த மாதிரி சமயத்தில் கால் மணி நேரம் பொறுத்து இன்னொரு தடவை ஊதவையுங்கள் என்று கேட்கலாம், ரத்தப் பரிசோதனையும் கேட்டுப்பார்க்கலாம்.

அந்த ஐந்தாயிரம் ஆளிடம் ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஹெல்மெட் போடாததுக்குக் கட்டுவது போல ரோட்டிலேயே கட்டி முடிக்கிற கேஸ் இல்லை இது. கோர்ட்டில்தான் முடியும். பணத்தை வாங்கிக்கொண்டு அவர் காணாமல் போவார், கேஸ் அப்படியே கிடக்கும், சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும்.

பதில் 3: பல்லாவரம் கால் டாக்ஸி

அண்ணே, லைசென்ஸ் பற்றிக் கேட்டிருக்கீங்க. அந்த வலி எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு நடந்தது காலையில். முந்தின நாள் தங்கச்சி கல்யாண ரிசப்ஷன். ஒரு குவார்ட்டர், அப்புறம் ஒரு ஸ்ட்ராங் பீர். பன்னிரண்டரைக்குப் படுத்தேன். ஐந்தரைக்கு எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தேன், இரண்டு டம்ளர் காபி குடித்தேன், நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு ஏர்போர்ட் டிரிப்புக்குக் கிளம்பினேன். தலைவலி இல்லை, தள்ளாட்டம் இல்லை. மீனம்பாக்கம் சிக்னலில் பின்னாடி வந்த வேன் என் பம்பரில் இடித்தது. தப்பு அவர் மேல். போலீஸ் வந்து இரண்டு பேரையும் ஊதச் சொன்னாங்க. அவருக்கு ஜீரோ, எனக்கு 46. வண்டிக்குள்ளே கஸ்டமர், கைக்குழந்தையோடு ஒரு அம்மா. அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை என்னால் எழுத முடியவில்லை.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நம் உடம்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறக்கும். ஒரு குவார்ட்டர் 120-க்கு மேலே ஏற்றும். அது 30-க்குக் கீழே வர ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதோடு பீரும் சேர்ந்தால்? காபி, மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் அதை ஒரு நிமிஷம்கூட வேகமாக்காது. தூக்கம் கலையும், ரத்தத்தில் இருப்பது இருந்துகொண்டேதான் இருக்கும். ராத்திரி குடிச்சிட்டுக் காலை ஷிப்ட் எடுக்கிற டிரைவர்கள் எங்க ஸ்டாண்டிலேயே எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அவங்க யாரும் இதைக் குடிச்சிட்டு ஓட்டுறது என்று நினைக்கிறதே இல்லை. நானும் நினைக்கவில்லை.

லைசென்ஸை போலீஸ் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அனுப்பிடுவாங்க. அங்கேயிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். கட்டாயம் நேரில் போகணும், நம்ம பக்கத்தைச் சொல்ல அங்கே ஒரு வாய்ப்பு உண்டு. முதல் தடவை என்றால் 3 மாதம் நிறுத்திவைப்பாங்க, இரண்டாம் தடவை என்றால் லைசென்ஸே ரத்து. உத்தரவு தப்பு என்று நினைத்தால் 30 நாளுக்குள் அப்பீல் போகலாம். ஆனால் ஒன்று, அந்த மூணு மாதத்தில் உங்க மச்சான் வண்டியைத் தொடவே கூடாது. மாட்டினால் அது தனிக் கேஸ், அதுக்கு வேறே 10,000 ரூபாய், இல்லாட்டி மூணு மாதம் வரைக்கும் ஜெயில். வேறே ஒருத்தர் ஐடியில் டெலிவரி எடுக்கலாம் என்று கூட இருக்கிற பசங்க யாராவது சொல்வாங்க. காதிலேயே வாங்காதீங்க.

எனக்கு அந்த மூணு மாதம் கார் ட்யூ கட்ட மனைவியின் வளையல் அடகுக்குப் போச்சு. மீட்டுட்டேன். ஆனாலும் சொல்றேன்.

பதில் 4: குரோம்பேட்டை மகள்

இதை எழுதலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன்.

என் அப்பா ஜி.எஸ்.டி. ரோட்டில் ரோட்டைக் கடக்கக் காத்துக்கொண்டு நின்றார். காலை ஐந்தே கால். கையில் துணிப்பை, அதில் இரண்டு ஆவின் பாக்கெட். ஒரு பைக் வந்து அடித்தது. ஓட்டினவனுக்கு 22 வயசு, பின்னால் அவன் நண்பன். இரண்டு பேரும் விடிய விடியக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பாவின் வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் உடைந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் வலியைச் சொல்லவில்லை. "பால் பாக்கெட் ஒண்ணு உடையல, எடுத்துக்கோம்மா" என்றார். இப்போதும் வாக்கர் வைத்துத்தான் நடக்கிறார்.

அந்த வண்டி ஓட்டினவன் பெயரில் இல்லை. அவனுடைய சித்தப்பா பெயரில் இருந்தது. கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்கணும். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி, ஓட்டினவர் குடித்திருந்தார், நாங்கள் தர வேண்டியதில்லை என்று வாதாடியது. எங்கள் வழக்கில் தீர்ப்பாயம், முதலில் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், அப்புறம் வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொன்னது. எங்களுக்குப் பணம் வந்தது. அந்தச் சித்தப்பா அன்றைக்கு ராத்திரி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர். அவர் தலையில் அத்தனை பணமும் விழுந்தது. கோர்ட் வராந்தாவில் அவரும் எங்களைப் பார்க்க முடியாமல் நின்றார், நாங்களும் அவரைப் பார்க்க முடியாமல் நின்றோம். சொந்த வண்டிக்கான சேதம், ஓட்டினவரின் விபத்துக் காப்பீடு, குடித்திருந்தால் இரண்டும் கிடைக்காது.

உயிர் போயிருந்தால் கதை வேறே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆவது பிரிவில் 5 வருஷம் வரை சிறை. சில வழக்குகளில் அதைவிடக் கடுமையான பிரிவும் வரும். மும்பையில் 2006-இல் குடித்துவிட்டு கார் ஓட்டி, நடைபாதையில் தூங்கின 7 பேர் சாகக் காரணமான வழக்கில், கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

உங்கள் இரண்டு பேரையும் அன்றைக்கு நிறுத்தினார்களே, அந்தத் தடுப்பு குரோம்பேட்டையில் அந்தக் காலையில் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

கேட்டவர் திரும்ப: வேளச்சேரி ஏசி மெக்கானிக்

எல்லாருக்கும் நன்றி. சகோதரி எழுதியதை என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன். அவள் அழுதாள். "உன் கையால சாவியக் குடுத்தியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அதுவரை அவளிடம் நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

இதுவரை நடந்தது. ஏரியா ஆளிடம் பணம் தரவில்லை. சைதாப்பேட்டை கோர்ட்டுக்கு இரண்டு பேரும் போனோம். எங்களைப் போலவே வரிசையாக நின்றார்கள், பாதிப் பேர் ஐ.டி. கார்டு போட்ட பிள்ளைகள். மாஜிஸ்திரேட் கேட்டதும் ஒத்துக்கொண்டோம். ஆளுக்குப் பத்து, மொத்தம் இருபதாயிரம். இரண்டையும் நானே கட்டினேன். அவன் பாதி தருகிறேன் என்றான், வாங்கவில்லை. ரசீதைக் காட்டி ஸ்டேஷனில் வண்டியை எடுத்தேன். ஹேண்டில்பாரில் அன்றைக்கு மாட்டியிருந்த கோயில் கயிறு அப்படியே இருந்தது.

ஆர்.டி.ஓ. நோட்டீஸ் வந்தது, நேரில் போனோம். வேலையைப் பற்றி எடுத்துச் சொன்னான், அதிகாரி பொறுமையாகக் கேட்டார், ஆனாலும் 3 மாதம்தான். அப்பீல் போகவில்லை. டெலிவரி நண்பர்கள் ஐடி தருகிறேன் என்றது உண்மைதான். பல்லாவரம் தம்பி எழுதியிருந்ததை அவனிடம் காட்டினேன், வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.

இப்போது என்னோடுதான் வேலைக்கு வருகிறான். ஏணி பிடிக்கிறான், அவுட்டோர் யூனிட் கழுவுகிறான், கேஸ் பிரஷர் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். நாள் கூலி 600 கொடுக்கிறேன். வண்டியை நான் ஓட்டுகிறேன், டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் உட்கார்ந்து வருகிறான். நேற்று ராத்திரி கடைசி வேலை முடிந்து வரும்போது அதே ஐந்து பர்லாங் ரோட்டில் தடுப்பு இருந்தது. நிறுத்தினார்கள். ஊதினேன். ஜீரோ. "போங்க" என்றார். பின்னாலிருந்து "மாமா, இன்னும் 71 நாள்" என்றான்.