செயின் ஒட்டவில்லை, கொக்கி மட்டும் காந்தத்தில் ஒட்டுகிறது, போலியா?

குழப்பவாதி:
பழைய ஹார்டு டிஸ்க்கைப் பிரித்ததில் செம காந்தம் ஒன்று கிடைத்தது. சும்மா இருக்காமல் கண்டதிலெல்லாம் வைத்துப் பார்த்தேன். 22 காரட் செயின் அசையவே இல்லை, ஆனால் அதன் கொக்கி மட்டும் டக்கென்று வந்து ஒட்டிக்கொண்டது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்றுதானே படித்தோம்? கொக்கி மட்டும் போலியா, மொத்தமுமே போலியா? எவர்சில்வர் கரண்டியிலும் சிலது ஒட்டுகிறது, சிலது ஒட்டவில்லை.

பட்டறைக்காரன்:
பயப்படாதீர்கள். கொக்கிக்குள் முடி மாதிரி ஒரு ஸ்பிரிங் இருக்கும், அது எஃகு. தங்கத்தில் செய்தால் விறைப்பு நிற்காது, கொஞ்ச நாளில் கொக்கி மூடாமல் தொங்கும். செயினின் கண்ணிகளே ஒட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

இயற்பியல் பைத்தியம்:
அறை வெப்பநிலையில் காந்தத்தில் பளிச்சென்று ஒட்டும் தனிமங்கள் இரும்பு, நிக்கல், கோபால்ட் மூன்றுதான். கடோலினியம் என்று ஒன்று உண்டு, சுமார் 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். அலுமினியமும் பிளாட்டினமும் இழுபடும், ஆனால் கைக்குத் தெரியாத அளவு. தங்கம், வெள்ளி, செம்பு மூன்றும் நேர் எதிர், காந்தம் அவற்றை மிக மிக லேசாகத் தள்ளுகிறது. ஃபாரடே 1845-ல் கண்டறிந்த டயா காந்தத் தன்மை இதுதான்.
எவர்சில்வர் விஷயம் இன்னும் வேடிக்கை. 304 வகையில் நிக்கல் சேர்ப்பதால் இரும்பின் அணு அடுக்கே மாறிவிடும், அதனால் ஒட்டாது. நிக்கல் இல்லாத 430 ஒட்டும். ஒட்டுகிற இரண்டு உலோகங்களைக் கலந்தால் ஒட்டாத ஒன்று வருகிறது என்பதை நானே முதலில் நம்பவில்லை.

சந்தேகப் பிராணி:
சரி, ஆனால் ஒட்டவில்லை என்பதற்காகத் தங்கம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பித்தளை, செம்பு, ஈயம் எதுவும்தான் ஒட்டாது. டங்ஸ்டன் இன்னும் மோசம், அதன் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்துக்கு 19.3, எடையிலும் மாட்டாது. நல்லவேளை, அதை மெல்லிய கண்ணியாக வளைப்பது லேசில்லை.
தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து, பூஜ்யமாக்கி, செயினை நூலில் கட்டி அடியில் படாமல் முழுக்க முக்குங்கள். 20 கிராம் 22 காரட் என்றால் சுமார் 1.1 கிராம் காட்டும், பித்தளை என்றால் 2.3 கிட்ட வரும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தாலோ கல் பதித்திருந்தாலோ கணக்கு உதைக்கும்.

குழப்பவாதி:
செய்துவிட்டேன். என் செயின் 12 கிராம், தண்ணீரில் 0.7 காட்டியது. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி 17.1. 22 காரட்டுக்கு 17.7 வர வேண்டாமா?

சந்தேகப் பிராணி:
தராசு ஒரு தசம இடம்தான் காட்டுகிறதா? அப்படியென்றால் 0.65 முதல் 0.75 வரை எதுவும் அதில் 0.7 தான், அதாவது அடர்த்தி 16 முதல் 18.5 வரை எங்கேயும் இருக்கலாம். பித்தளை இல்லை என்பது நிச்சயம். காரட் தெரிய வேண்டுமானால் 0.01 கிராம் காட்டும் தராசில் இன்னொரு தடவை முக்கிப் பாருங்கள்.