தக்கலை பக்கம் பின்னாலிருந்து இடித்த கேரளா வண்டி: பேசி முடிக்கலாமா, போலீஸ் போகணுமா?

வேளிமலை:
அண்ணன்மாரே, விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. நேற்று சாயங்காலம் தக்கலைக்கும் அழகியமண்டபத்துக்கும் நடுவே நெரிசலில் நின்றிருந்த எங்க காரை கேஎல் 20 வண்டி ஒண்ணு பின்னாலிருந்து இடிச்சிட்டு. பின் பம்பர் உடைஞ்சு, ஒரு டெயில் லேம்ப் போச்சு, டிக்கி சரியா மூடல. எங்க வண்டி டிஎன் 75, மூன்றரை வருஷம், ஃபுல் இன்சூரன்ஸ். பத்தாயிரம் தாரேன், கேஸ் வேண்டாம்னு அவர் சொல்றார். அவர் லைசென்ஸ், வண்டி நம்பர் போட்டோ இருக்கு. இன்னைக்குக் காலையில மனைவிக்குக் கழுத்து திருப்ப முடியல. முதல்ல எங்க போகணும்?

மருந்துவாழ்மலை:
முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க, மற்றதெல்லாம் பிறகு. பின்னால் இடி வாங்கினா கழுத்துத் தசை இழுபட்ட வலி பல மணி நேரம் கழிச்சோ மறுநாளோதான் தெரியும். கை மரத்துப்போறது, வாந்தி, கூடிக்கிட்டே போற தலைவலி, தூக்கக் கலக்கம், சீட் பெல்ட் பட்ட இடத்தில் வயிற்று வலி இதில் ஏதாவது இருந்தா இப்பவே 108 கூப்பிடுங்க. நம்ம ஊர்ல கழுத்து பிடிச்சா உடனே ஆசான்கிட்ட (நாட்டு வர்ம வைத்தியர்) தடவப் போறது வழக்கம். எக்ஸ்ரே எடுத்து, எலும்புக்கு ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்றதுக்கு முன்னால யாரையும் கழுத்தில் கை வைக்க விடாதீங்க.

தக்கலை அரசு ஆஸ்பத்திரியோ ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜோ, எங்கே போனாலும் "நேற்று இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், இந்த நம்பர் கார் பின்னாலிருந்து இடிச்சுது"ன்னு சொல்லி விபத்துப் பதிவேட்டில் (ஏஆர்) எழுத வைங்க. போலீஸ் தொந்தரவு வேண்டாம்னு சிலர் "வழுக்கி விழுந்தேன்"னு சொல்லிடுவாங்க. பிறகு இழப்பீடு கேட்டா, இன்சூரன்ஸ் வக்கீல் முதல்ல எடுத்து நீட்டுறது அந்த ஒரு வரியைத்தான்.

2021-ல தொடங்கின 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்துக்காரருக்கும் பொருந்தும். உங்களுக்கு நாளைச் சாயங்காலம் வரைதான் அந்தக் கணக்கு, அதனால தள்ளிப் போடாதீங்க.

குழித்துறை கோர்ட் ரோடு:
மேல சொன்னதுக்குத் தொடர்ச்சி. ஆளுக்கு அடி பட்டிருக்கு, அதனால இது வெறும் பம்பர் விஷயம் இல்லை. விபத்து நடந்த இடம் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கே எழுத்தில் புகார் கொடுங்க. இடம், நேரம், ரெண்டு வண்டி நம்பர், எதிர் டிரைவர் பேர், வலி எப்போ தொடங்கிச்சு, எல்லாம் எழுதணும். ஒரு நாள் தாமதத்துக்கு "வலி மறுநாள் காலையில்தான் தெரிந்தது"ன்னு காரணமும் சேர்த்து எழுதுங்க. காரணம் எழுதாத தாமதம்தான் பிறகு கேள்வியாகும். கையில் சிஎஸ்ஆர் ரசீது (புகாரை வாங்கிக்கிட்டதுக்கு ஸ்டேஷன் தர்ற அத்தாட்சி) வாங்காம வெளியே வராதீங்க. எஃப்ஐஆர் போட்டா புகார்தாரருக்கு நகல் இலவசம். ஸ்டேஷனில் வாங்க மறுத்தா நாகர்கோவில் எஸ்பி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப சட்டத்தில் (குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ், பிரிவு 173) இடம் இருக்கு.

கேரளா வண்டின்னு தயங்க வேண்டாம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் (இடிச்ச வண்டியால் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தர்றது) நாடு முழுக்கச் செல்லும். மோட்டார் வாகனச் சட்டம் 166-ன்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம், திருவனந்தபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை. விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட்டுடுங்க. எம்பரிவாகன்ங்கிற அரசு ஆப்பில் அவர் நம்பரை அடிச்சு இன்சூரன்ஸ் தேதி பாருங்க. காலாவதி ஆகியிருந்தா நஷ்டம் முழுக்க உரிமையாளர் தலையில்தான் விழும். பத்தாயிரத்தில் முடிக்க அவசரப்படுறதுக்கு அதுவும் காரணமா இருக்கலாம்.

"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு எழுதின பேப்பரில் கையெழுத்துப் போடாதீங்க. அந்த ஒரு வரி மனைவியோட சிகிச்சைச் செலவையும் சேர்த்துக் கட்டிப்போடும்.

பட்டறை நாகர்கோவில்:
வண்டி விஷயம் நான் சொல்றேன். டிக்கி மூடலைன்னா பம்பர் மட்டும் போகலைன்னு அர்த்தம். பம்பருக்குள்ள இருக்கிற இரும்புப் பட்டை, அதுக்குப் பின்னால பேக் பேனல், ஸ்டெப்னி உட்காருற பள்ளம் எல்லாம் மடங்கியிருக்கும். டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கான்னு விரல் வைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் விரல் போய், மறுபக்கம் போகலைன்னா பாடி திரும்பியிருக்கு. ஸ்டெப்னியை எடுத்துட்டு அடியில் பெயிண்ட் சுருங்கியிருக்கா, பாருங்க. இந்த வேலைக்குப் பத்தாயிரம் காணவே காணாது.

டிக்கி மூடாம ஓட்டக் கூடாது. சைலன்சர் புகை உள்ளே இழுத்துக்கும். பெட்ரோல் வாடை இருந்தா ஸ்டார்ட்டே பண்ணாதீங்க, டோவிங் சொல்லுங்க.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இன்னைக்கே போன் பண்ணி கிளெய்ம் நம்பர் வாங்குங்க. சர்வேயர் (சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்புற ஆள்) பார்க்கிறதுக்கு முன்ன ஒரு போல்ட்டும் கழற்றாதீங்க. எஃப்ஐஆர் ஆனா மோட்டார் வாகன ஆய்வாளர் பார்வையும் முடியணும், அதுக்குப் பிறகுதான் வேலை. பம்பரைப் பிரிச்ச பிறகு உள்ளே புதுசா சேதம் தெரிஞ்சா சர்வேயரை மறுபடி கூப்பிட்டுக் காட்டணும். காட்டாம மாத்தின பாகத்துக்குக் காசு வராது.

ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம முழுசா தர்ற கூடுதல் கவர்) இல்லைன்னா பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம், உங்க வண்டி வயசுக்கு இரும்புக்கு 25 சதவீதம் கழிப்பாங்க. கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. அதுக்கு மேல 1500 சிசி வரை கட்டாயக் கழிவு 1000 ரூபாய், அது உங்க கைக்காசு.

வேளிமலை:
நன்றி அண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம். ஒரு சந்தேகம்: என் பாலிசியில் கிளெய்ம் போட்டா, கிளெய்ம் இல்லாத வருஷத்துக்குப் பிரீமியத்தில் தர்ற தள்ளுபடி போனஸ் போயிடுமே?

பட்டறை நாகர்கோவில்:
போகும். 50 சதவீதத்தில் இருக்கீங்கன்னு வைங்க. அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45ன்னு ஏறி வர, அஞ்சு வருஷத்தில் மொத்தம் ஒரு வருஷ ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்தில் 125 சதவீதம் இழப்பு. அந்த பிரீமியம் 8000 ரூபாய்னா சுமார் 10,000. பாடி வேலை எஸ்டிமேட்டில் கழிவெல்லாம் போக கைக்கு வரும் தொகை இதைவிட நல்லா கூடுதலா இருந்தா கிளெய்ம் போடுங்க.

குழித்துறை கோர்ட் ரோடு:
எதிர் ஆள் ரிப்பேருக்குக் காசு தந்தா, அதை மறைச்சு அதே ரிப்பேருக்கு உங்க கம்பெனியில கிளெய்ம் போடக் கூடாது. ஆனா உங்க வண்டிக்குக் கிளெய்ம் போட்டதால மனைவியோட காய இழப்பீட்டு மனு தடைபடாது. ரெண்டும் தனித்தனி. மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரசீது, லீவு எடுத்த நாள் சம்பளச் சான்று எல்லாத்தையும் தேதி வாரியா ஒரே ஃபைலில் போட்டு வைங்க.