புங்க மரத்தின் பட்டை உரிந்துவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம். மந்தைவெளியில் எங்கள் தெருமுனைப் புங்க மரத்தின் பட்டையை, வடிகால் பள்ளம் தோண்ட வந்த இயந்திரம் இன்று காலை உரித்துவிட்டது. ஒரு முழ உயரத்துக்கு, சுற்றளவில் பாதிக்கு மேல் போய்விட்டது. இலையில் உருவாகும் சர்க்கரை வேருக்கு இறங்குவதே உள்பட்டையில் உள்ள ஃபுளோயம் வழியாகத்தான். மீதிப் பட்டை ஒட்டியிருப்பதால் நம்பிக்கை இருக்கிறது.

பக்கத்தில் சிலர் தார் பூசச் சொல்கிறார்கள். நான் தடுத்து வைத்திருக்கிறேன். இத்தகைய பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்று அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ எப்போதோ காட்டிவிட்டார். மரமே வேலையைத் தொடங்கிவிடும். காயத்தில் ஃபீனால்கள் என்னும் தற்காப்பு வேதிப்பொருள்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகும். பெராக்சிடேஸ் நொதியின் செயல் கூடி, செல்சுவர்களில் அவற்றை இறுக்கும் லிக்னின் சேரும். நீர் புகாத சூபரின் என்னும் பொருள் படிந்து நீரிழப்பைக் குறைக்கும். அப்புறம் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலில் காயத்திசு பெருகி, அதற்குள் பட்டையையும் கட்டையையும் வளர்க்கும் திசுவான கேம்பியம் புதிதாக உருவாகும்.

சீனாவின் யூகோமியா மரத்தில் தண்டைச் சுற்றிப் பட்டையை உரித்த பிறகும், பட்டைக்கு அடியில் உள்ள இளம் சைலம் (நீர் கடத்தும் கட்டைத் திசு) செல்கள் சிதையாமல், காயாமல் இருந்தால் புதுப் பட்டை வளர்ந்திருக்கிறது. அங்கே பிளாஸ்டிக் தாள் சுற்றி ஈரம் காத்தார்கள்.

சென்னை வெயிலில் அப்படிச் சுற்றலாமா? உள்ளே வெந்துபோகுமா, பூஞ்சை பிடிக்குமா? தாளுக்கு மேல் சாக்கு கட்டி நிழல் கொடுத்தால் போதுமா? புங்கையிலோ வேம்பிலோ செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். தாவரவியல் படித்தவர்கள் யாராவது நேரில் வர முடிந்தால் பெரிய உதவி. காயம் இன்னும் வழவழப்பாக, ஈரமாக இருக்கிறது. அது காய்வதற்குள் முடிவெடுக்க வேண்டும்.