லீனா போ பார்டி வளர்ந்தது கணவர் தயவிலா?

கூழாங்கல்: சாவ் பாவ்லோ கலை அருங்காட்சியகத்தின் படத்தைப் போட்டு, "ரோமில் பிறந்த கட்டடக் கலைஞர் லீனா பிரேசிலுக்குப் போய்த் தனியாளாகச் சாதித்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். தனியாளா? 1946-இல் கணவர் பியெத்ரோவுடன் கப்பலேறினார். அடுத்த ஆண்டே கணவர் அந்த அருங்காட்சியகத்துக்கு இயக்குநர். அதற்குக் கட்டடம் வடிவமைக்கும் வேலை வீடு தேடி வந்தது.

செங்கல்சூளை: வேலை வந்தது சரி, யோசனை யாருடையது? அந்த இடத்திலிருந்து நகரம் தெரிவது மறையக் கூடாது என்பது நிபந்தனை. அதனால் கட்டடத்தையே தரையிலிருந்து 8 மீட்டர் தூக்கி, அடியில் 70 மீட்டருக்கு நடுத்தூணே இல்லாமல் விட்டார். அந்த நிழலில் இன்றும் கூட்டம் கூடுகிறது.

கூழாங்கல்: அந்த உத்தரங்களுக்குக் கணக்குப் போட்டவர் பொறியாளர் ஃபிகெய்ரெடோ ஃபெராஸ். அவர் பெயர் உங்கள் பதிவில் எங்கே?

தாழ்வாரம்: அது நியாயமான கேள்வி. ஆனால் கணவர் செல்வாக்குதான் எல்லாம் என்றால், 1968-இல் அருங்காட்சியகம் திறந்த பிறகு எழுபதுகளின் நடுப்பகுதி வரை லீனா கையில் பெரிய கட்டட வேலை எதுவும் இல்லாமல் போனது ஏன்? 1964-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததோடு, வடகிழக்கு பிரேசிலின் சால்வடோர் நகரில் அவர் பார்த்துவந்த வேலையும் போயிற்று. அவரை வார்த்தது அந்த ஊர்தான் என்பேன். அங்கே ஒரு பழைய மாளிகைக்குள் மரப் படிக்கட்டு செய்தார். ஆணி கிடையாது. பலகையின் நுனி சட்டத்தைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதில் முளை அடித்து இறுக்கியிருப்பார்கள். அந்த ஊர் மாட்டுவண்டியில் மரம் பூட்டும் முறை அது.

அப்புறம் 1977, வயது 62. சாவ் பாவ்லோவின் போம்பேயா பகுதியில் பழைய பீப்பாய்த் தொழிற்சாலையை இடித்துவிட்டு, மக்களுக்கான பொழுதுபோக்கு மையம் கட்டுவதாகப் பேச்சு. ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தால், பிள்ளைகள் அங்கே பந்து விளையாடுகிறார்கள், அம்மாக்கள் இறைச்சி சுடுகிறார்கள். இடிக்க வேண்டாம் என்றார். அடியில் ஓடை ஓடுவதால் நடுவில் கட்ட முடியாது. இரண்டு கான்கிரீட் கோபுரங்களை இருபுறமும் நிறுத்தி, மேலே பாலங்களால் இணைத்தார். ஒன்றில் மாடிக்கு மாடி விளையாட்டுத் திடல். சன்னலுக்குக் கண்ணாடிகூட இல்லை, குகைவாய் மாதிரி ஓட்டைகள்தான். இதில் கணவர் எங்கே வருகிறார்?

கூழாங்கல்: போம்பேயாவை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பதிவில் அந்தப் படத்தைப் போடுங்கள். ஃபெராஸ் பெயரையும் சேருங்கள்.

செங்கல்சூளை: இரண்டையும் சேர்த்துவிட்டேன். "தனியாளாக" என்பதை எடுத்துவிட்டேன்.