பார்வையற்ற பசங்க செஸ்: பிஷப் கூட இருந்தும் டிராவா?

மாட்டுங்கா_ராஜி: இங்க மும்பைல என் மாமா பையன் ஆடுன ஜூனியர் மேட்ச் பாத்தேன், அவன்கிட்ட வெள்ளைக்கட்ட பிஷப்பும் ஹெச் ஓரத்துல ஒரு சிப்பாயும் இருக்கு, எதிராளிகிட்ட வெறும் ராஜாதான், ஆனா டிரான்னு கைகுடுத்துட்டாங்க. எப்படிங்க? ஆளுக்கொரு போர்டு வேற, "ஹெக்டர் செவன்"ங்கிறாங்க!

செம்பூர்_குமார்: ஹெச்சுக்குத்தான் ஹெக்டர், ஏ-க்கு அன்னா. காதுல மாத்தி விழாம இருக்க. கருப்புக் கட்டம் கொஞ்சம் மேடா இருக்கும், கருப்புக் காய் தலைல சின்ன முள்ளு. அடில குச்சி, அத ஓட்டைல சொருகணும். தடவிப் பாக்கலாம் தப்பில்ல, ஆனா ஓட்டைலேந்து வெளிய எடுத்துட்டா அந்தக் காயத்தான் நகத்தணும்.

சயான்_மணி: அக்கா, உங்க பையன் சிப்பாய் போய் ராணியாகவேண்டிய மூலை ஹெச்8, அது கருப்புக் கட்டம், அதாவது மேட்டுக் கட்டம். உங்க பையன் பிஷப் பள்ளத்துலயே சுத்தும், அந்த மூலைய தொடவே முடியாது. எதிர் ராஜா மூலைக்கு வந்துட்டா கிளப்ப வழியில்ல, ரொம்ப நெருக்குனா ஸ்டேல்மேட், அதாவது செக் இல்லாமயே நகர இடமில்லாம போயி டிரா. கண்ணு தெரிஞ்சவங்களே கோட்டை விடுற இடம், அந்த எதிராளிப் பய கெட்டிக்காரன்.

மாட்டுங்கா_ராஜி: அட, அதான் அவன் ராஜாவ மூலைக்கு ஓட்டுனானா! நான் பயந்து ஓடுறான்னு நெனச்சேன் 😄