மூணு குட்டி நாய், வேலைக்கும் போகணும்: பழக்குறதுக்கு நேரம் எங்க இருந்து எடுக்குறது?

கருவாச்சி அம்மா (தண்டையார்பேட்டை):

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெருசா எழுதுறேன், பொறுமையா படிங்க. எங்க வீடு டோல்கேட் பக்கம். பிப்ரவரில எங்க தெரு முனைல நின்னுட்டிருந்த லாரிக்கு அடில ஒரு தெரு நாய் அஞ்சு குட்டி போட்டுச்சு. குட்டிங்க கண்ணு தொறந்து ரெண்டு வாரம்தான் இருக்கும், தாய ஒரு கன்டெய்னர் வண்டி அடிச்சுட்டு போயிடுச்சு. ரெண்டு குட்டி தங்கல, மீதி மூணையும் நான் தூக்கிட்டு வந்து வளத்துட்டேன். மணி ஆண் குட்டி, கருவாச்சியும் பொட்டுவும் பொண்ணுங்க. இப்ப அஞ்சு மாசம்.

எனக்கு வேலை பாரிஸ் கார்னர்ல, கஸ்டம்ஸ் க்ளியரிங் ஆபீஸ். காலைல எட்டே காலுக்கு டோல்கேட்ல மெட்ரோ ஏறி மண்ணடில எறங்குவேன், வீட்டுக்கு வர ராத்திரி எட்டு ஆயிடும். அம்மாவுக்கு மூட்டு வலி, குனிஞ்சு சோறு வைக்கறதே கஷ்டம். தம்பி ஒன்பதாவது படிக்கிறான், ட்யூஷன் வேற.

காலைல அஞ்சு மணிக்கு மூணையும் ஒண்ணா செயின் போட்டு கூட்டினு போறேன். மூணும் மூணு பக்கம் இஸ்துதுங்க, கை தோள்பட்டையே கழண்டு போற மாதிரி இருக்கு. டி.எச். ரோடு (திருவொற்றியூர் ஹை ரோடு) பக்கம் லாரி சத்தம் கேட்டா கருவாச்சி அப்படியே வயித்த தரையோட ஒட்டிப் படுத்துக்கும், காதெல்லாம் பின்னாடி மடங்கிடும், நகராது. அத ஒரு கைல தூக்கிட்டு மத்த ரெண்டையும் இழுத்துட்டு வர்றேன். பேர் சொல்லி கூப்பிட்டா யாரக் கூப்பிட்டாலும் மூணும் ஓடி வருது, இல்லனா மூணும் வரல. நான் ஆபீஸ் போனதும் அழுகுதுங்க, மாடில ஓனர் அம்மாவோட செருப்பு ரெண்டு ஜோடி போச்சு, போன வாரம் அவங்க நேராவே சொல்லிட்டாங்க இப்படியே போனா வீட்ட காலி பண்ணிக்கோங்கன்னு.

யூட்யூப்ல பாத்தா ஒரு நாய்க்கு காலைல ஒரு மணி நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம்னு சொல்றாங்க. மூணுக்கு ஆறு மணி நேரம் ஆகுது. எனக்கு மொத்தமே காலைல ஒண்ணு, ராத்திரி அரை மணி, அவ்ளோதான் கைல இருக்கு. வேலைய விட முடியாது, இதுங்கள விடவும் மனசு இல்ல. ரெண்டு மூணு நாய் வளத்தவங்க யாராவது எப்படி சமாளிச்சீங்கன்னு சொல்லுங்க ப்ளீஸ்.


மாதவரம் குமார்:

சிஸ்டர் தப்பா நெனைக்காதீங்க, கூடப் பொறந்த மூணு குட்டிய ஒரே வீட்ல, அதுவும் வாடகை வீட்ல வச்சு வளக்குறது ரொம்ப கஷ்டம். ரெண்ட நல்ல எடமா பாத்து குடுத்துடுங்க, ஒண்ண நல்லா வளங்க. இப்ப அஞ்சு மாசம்தான், இன்னும் போச்சுனா யாரும் வாங்க மாட்டாங்க.


லாஞ்சு அண்ணன் (காசிமேடு):

தங்கச்சி, நான் காசிமேட்ல மீன் புடிக்கிற லாஞ்சுல போறவன். எங்கூட்ல நாலு நாயி, நாலும் நாட்டு நாயிதான். ஒன் கேள்விய படிச்சதும் என் கதை மாரியே இருந்துச்சி, அதான் எழுதுறேன்.

ரெண்டு வருசம் முன்ன மூணு குட்டி ஒண்ணா வந்து சேந்துச்சுங்க. அப்ப மீன்புடி தடைக்காலம், ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரிக்கும் 61 நாளு, லாஞ்சு எடுக்கக் கூடாது. எனக்கு நேரம்னா நேரம், அவ்ளோ நேரம். சரி இப்பவே பழக்கிடலாம்னு காலைல ரெண்டு மணி நேரம் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கடக்கரையாண்ட கூட்டினு போயி மூணையும் ஓட வுட்டேன், கல்லு கொட்டுன எடம் வரிக்கும் போயி திரும்பி வரும், நானும் கூடவே ஓடுவேன். 61 நாள் முடிஞ்சி பாத்தா அதுங்களுக்கு ஓட்றதுக்கு தெம்பு ஏறுனதுதான் மிச்சம். முன்ன ஒரு மணி நேரத்துல டயர்டாவும், இப்ப நாலு மணி நேரம் ஓடியும் வூட்ல வந்து பாயக் கடிக்குது. ஒண்ணு மூஞ்ச ஒண்ணு பாத்துகினு ஓடுச்சே கண்டி, என்ன ஒரு தபா திரும்பிப் பாக்கல. நான் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான்.

அப்பால கடல் தொறந்துச்சி. போனா ரெண்டு நாளு மூணு நாளு ஆவும், கரைக்கு வந்தா வலை வேலை. நேரமே கெடையாது. அப்ப என் சம்சாரம்தான் சொன்னா, மூணு தட்டையும் ஒண்ணா வெக்காத, சோறு வெக்கும்போது ஒவ்வொண்ணா உள்ள கூப்புடுன்னு. அதுலதான் எல்லாம் மாறிச்சி.

எப்புடின்னா, ரெண்ட வெளிய கட்டிட்டு ஒண்ண மட்டும் ரூமுக்குள்ள கூட்டினு வந்து கதவ சாத்திடுவேன். சோறும் வேவ வெச்ச கவலை மீனும் முள்ளு எடுத்துட்டுப் பெசஞ்சி கிண்ணத்த என் மடில வெச்சிக்குவேன், கீழ வெக்க மாட்டேன். பேரு ஒரே தபா. அது கண்ணு என் கண்ணாண்ட வந்துச்சினா ஒரு உருண்டை. திரும்ப பேரு, திரும்ப உருண்டை. அது நல்லா வந்ததும் 'உக்காரு', அப்பால 'நில்லு', அப்பால நான் ரெண்டு அடி தள்ளிப் போயி 'வா'. ஒரு கிண்ணத்துல இருவது உருண்டை வரும், அஞ்சு நிமிசம் கூட ஆவாது. தின்னு முடிச்சா அது வெளிய, அடுத்தது உள்ள. வெளிய கத்திகினு கெடக்கறத உள்ள கூப்புட மாட்டேன், சத்தம் நிக்கிறப்பதான் கதவத் தொறப்பேன், பொறுமையும் அதுலயே கத்துக்கும். எப்புடியும் சோறு வெக்கத்தான போற, அந்த நேரத்தையே எடுத்துக்க, தனியா நேரம் தேடாத. ரெண்டு வேளைக்கும் சேத்து அரை மணி நேரத்துல மூணும் முடிஞ்சிடும்.

குழம்பு சோறு வெக்காத, வெங்காயம் பூண்டு நாய்க்கு ஆவாது. கருவாடு கேட்டு கண்ணுலயே கெஞ்சும், உப்பு ஜாஸ்தி, குடுக்காத.

மாதவரம் தம்பி சொன்னதும் நல்லதுக்குதான் சொல்றாரு. எடம் நல்லதா இருந்தா குடுக்கறது தப்பில்ல. ஆனா நேரம் இல்லன்றதுக்காக குடுக்காத தங்கச்சி, நேரம் இருந்த காலத்துலதான் எனக்கு எதுவுமே நடக்கல.


பெரம்பூர் உமா:

லாஞ்சு அண்ணன் சொன்னது அப்படியே சரி, நான் இன்னும் ரெண்டு மூணு விஷயம் சேத்துக்கறேன். பத்து பன்னெண்டு வருஷமா தெருக் குட்டிங்கள எடுத்து வளத்து நல்ல வீட்ல சேத்து விடுறேன், கூடப் பொறந்ததுங்கள ஒண்ணாவே வளத்தா அதுங்க நம்மள விட ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதனாலதான் பேர் சொன்னா தெரியல. தினமும் கொஞ்ச நேரமாவது தனித்தனியா இருக்கணும், தனியா நடக்கணும், தனியா தூங்கணும்.

அந்த ஆறு மணி நேர கணக்க மொதல்ல மனசுல இருந்து எடுத்துடுங்க. அஞ்சு மாசக் குட்டிக்கு எலும்பு இன்னும் வளந்துட்டு இருக்கு, ரொம்ப நேரம் ஓட விடறதும் படிக்கட்டுல ஏறி எறங்க விடறதும் நல்லதே இல்ல. இந்த வயசுல அதுங்க ஒரு நாள்ல பெரும்பாலான நேரம் தூங்கணும். தூக்கம் பத்தாத குட்டிதான் கடிக்கும், குதிக்கும், நாம எனர்ஜி ஜாஸ்தின்னு நெனச்சு இன்னும் ஓட வைப்போம், அது இன்னும் மோசமாகும்.

காலைல இருக்குற ஒரு மணி நேரத்த மூணா பிரிங்க, ஆளுக்கு இருவது நிமிஷம், ஒண்ணு ஒண்ணா. வேகமா நடக்க வேணாம், மோந்து பாக்க விடுங்க. ஒரு கரண்ட் கம்பத்த ரெண்டு நிமிஷம் மோந்தா மோந்துட்டுப் போகட்டும், நாய்க்கு மூக்கு வேலை செஞ்சா மூளைக்கு நல்ல களைப்பு, வீட்டுக்கு வந்து தூங்கிடும். நீங்க போகும்போது பழைய துணில கொஞ்சம் சோறு உருண்டைய சுருட்டி முடிச்சு போட்டு ஆளுக்கு ஒரு மூலைல குடுங்க, துணியத் தின்னுடாம அம்மா ஒக்காந்த எடத்துல இருந்து பாத்துக்கட்டும். அவுத்துத் தின்ன இருவது நிமிஷம் ஆகும், நீங்க கெளம்புற நேரம் அழுகாம போயிடும், செருப்பு மேலயும் போகாது. செருப்ப மேல தூக்கி வைக்கச் சொல்லி ஓனர் அம்மாகிட்டயும் பொறுமையா பேசுங்க, ரெண்டு ஜோடி வாங்கிக் குடுத்துட்டுப் பேசுங்க, வித்தியாசம் தெரியும்.

கருவாச்சி விஷயம்தான் எனக்கு மனசுல நிக்குது. அது பிடிவாதம் பண்ணல, நிஜமாவே பயந்துபோய்ப் படுக்குது. இழுத்துட்டுப் போய் பழக்கலாம்னு மட்டும் நெனச்சிடாதீங்க, பயம் ஜாஸ்தியாகும். லாரி சத்தம் லேசா கேக்குற தூரத்துல, உங்க சந்துக்குள்ளயே நில்லுங்க. சத்தம் வந்த உடனே வேக வச்ச ஈரல் ஒரு துண்டு. சத்தம் இல்லனா ஈரலும் இல்ல. அது படுக்கறதுக்கு முன்னாடியே வாய மூடிக்கும், கழுத்து கொஞ்சம் தாழும், அத பாத்ததும் திரும்பிடுங்க. வாரா வாரம் நாலு அடி கிட்ட போனா போதும்.

வெயில் எறங்காம சாயங்காலம் தம்பி கூட அனுப்பாதீங்க, பொறங்கைய ரோட்டுல வச்சுப் பாக்கச் சொல்லுங்க, அஞ்சு செகண்ட் தாங்கலனா அதுங்க பாதமும் தாங்காது. அப்புறம் பார்வோ (குட்டிங்களுக்கு வர்ற வாந்தி பேதி நோய்) ஊசி பூஸ்டரோட முடிச்சீங்களா, மூணாவது மாசத்துல போடுற ரேபிஸ் போட்டாச்சா? கார்ப்பரேஷன் லைசென்ஸுக்கும் ரேபிஸ் சர்டிபிகேட் கேப்பாங்க. ஆறு மாசத்துக்கு மேல பொண்ணுங்களுக்கு எப்ப வேணா ஹீட் (இணை சேர்ற பருவம்) வரலாம், ஒரே வீட்ல மணியும் இருக்கான், அண்ணன் தங்கச்சின்னெல்லாம் அதுங்களுக்குத் தெரியாது. இப்பவே வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரில போய் மூணுக்கும் கருத்தடைக்கு எப்ப கூட்டிட்டு வரணும்னு கேட்டுட்டு வந்துடுங்க. எங்க தாத்தா ஜட்கா வண்டி வச்சிருந்தப்ப குதிரைக்கே அங்கதான் போவாரு. காலைல சீக்கிரம் போங்க, க்யூ நீளமா இருக்கும்.


கருவாச்சி அம்மா:

ரொம்ப நன்றி அண்ணா, உமா அக்கா. குமார் அண்ணா, கோவம்லாம் இல்ல, ராத்திரி தூக்கம் வராதப்ப நானே அத யோசிச்சிருக்கேன். ரேபிஸ் போட்டாச்சு, பார்வோ கடைசி பூஸ்டர் தள்ளிப் போயிடுச்சு, இந்த சனிக்கிழம போறேன். மடில கிண்ணம் வைக்கறத இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கறேன்.


கருவாச்சி அம்மா (22 நாள் கழிச்சு):

சொல்லணும்னு தோணுச்சு, அதான் திரும்ப வந்தேன். மொத நாலு நாள் ரொம்ப கொடுமை, ஒண்ண உள்ள விட்டா வெளிய ரெண்டும் கதவப் பிராண்டி ஓலம். அம்மா சேர் போட்டு வெளிய ஒக்காந்து அதுங்க தலையத் தடவிக் குடுத்துட்டு இருந்தாங்க. அஞ்சாவது நாள் சத்தம் கொறஞ்சுது.

மணி எதிர்பாத்த மாதிரி எல்லாம் கத்துக்கிட்டான். என்னை அழ வச்சது பொட்டுதான். மூணையும் ஒண்ணா வச்சிருந்தப்ப அது எப்பவும் கடைசில நிக்கும், தொந்தரவே பண்ணாது, அதனால நான் அத கவனிச்சதே இல்லன்னு இப்பதான் தெரியுது. கதவ சாத்தி தனியா ஒக்காந்ததும் மொத நாள் என் மூஞ்சிய பாக்காம கதவையே பாத்துச்சு, நாலாவது உருண்டைல மெல்ல திரும்பி என் கண்ணப் பாத்துச்சு பாருங்க, அப்படியே நின்னுடுச்சு, தின்னக்கூட மறந்துடுச்சு. இப்ப மூணுலயே அதுதான் சீக்கிரம் புரிஞ்சுக்குது. நேத்து தம்பி படிக்கட்டுல இருந்து 'பொட்டு'ன்னு கூப்பிட்டான், மூணும் படுத்திருந்துச்சு, பொட்டு மட்டும் எழுந்து போச்சு.

கருவாச்சி இன்னும் டி.எச். ரோடு வரைக்கும் வரல. ஆனா செவ்வாக்கெழம தெருவுக்குள்ள மெட்ரோ வாட்டர் லாரி வந்துச்சு, அவ்ளோ கிட்ட வரும்னு நான் நெனைக்கல, கொடம் வச்சுட்டு எல்லாரும் ஓடுறாங்க. நான் உடனே பின்னாடி நகந்து மூணாவது வீட்டு வாசப்படிகிட்ட நின்னேன். வால் உள்ள போச்சு, ஒடம்பு நடுங்குச்சு, ஆனா படுக்கல. என் கைல ஈரல மோந்து பாத்துட்டு லாரியப் பாத்துச்சு, அப்புறம் வாங்கிக்கிச்சு. லாரி போற வரைக்கும் ஏழு துண்டு.

ஓனர் அம்மாவுக்கு செருப்பு வாங்கிக் குடுத்துட்டேன், காலி பண்ணச் சொல்லி திரும்ப பேசல. கருத்தடைக்கும் வேப்பேரில போய் கேட்டுட்டு வந்தாச்சு. ராத்திரி எட்டே காலுக்கு ஆரம்பிச்சா எட்டே முக்காலுக்கு மூணும் முடிஞ்சிடுது.


லாஞ்சு அண்ணன் (காசிமேடு):

சோக்கா கீது தங்கச்சி. கருவாச்சிய அவசரப்படுத்தாத. ஞாயித்துக்கெழம வெடியக்காலைல ஏலம் போடுற எடத்தாண்ட வந்தினா சின்ன மீனா பாத்து எடுத்து வெக்கிறேன், துட்டு எல்லாம் வேணாம், முள்ளு மட்டும் நல்லா பாத்து எடுத்துட்டு குடு.