வீடுகளுக்குப் பின்னால் ஓர் எரிமலை: ஜியோகேச் பெட்டியை எங்கே வைப்பது?

கேள்வி

வணக்கம். புறநகர்க் குடியிருப்புகளுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சிறு குன்றில் என் முதல் ஜியோகேச் பெட்டியை வைக்க விரும்புகிறேன். (ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அதன் ஆயத்தொலைவை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இணையத்தில் அறிவித்து, பிறரைத் தேடவைக்கும் விளையாட்டு இது.) அதன் அடிவாரச் சாலையில் பல ஆண்டுகள் போய்வந்தும், அது ஓர் எரிமலை என்பது சென்ற மாதம் நிலவியல் வரைபடம் ஒன்றைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. குன்றின் ஒரு பக்கத்தைக் கல்குவாரி தின்றுவிட்டது. உச்சியில் ஒரு குடிநீர்த் தொட்டி நிற்கிறது. நடுவே புல் மண்டிக் கிடக்கும் பள்ளந்தான் எரிமலையின் வாய். நாயோடு நடைப்பயிற்சிக்கு வரும் சிலரைத் தவிர யாரும் அங்கே ஏறுவதில்லை. அறிவிப்புப் பலகைகூட இல்லாத அளவுக்கு மறக்கப்பட்ட இடம் அது.

பிறர் வைத்த பெட்டிகள் ஐம்பதுக்கு மேல் தேடி எடுத்திருக்கிறேனே தவிர, நானாக ஒன்றையும் வைத்ததில்லை. ஆகவே மூன்று ஐயங்கள். வெட்டப்பட்ட குவாரிச் சுவரின் இடுக்கில் பெட்டியை வைக்கலாமா, அல்லது வாயின் உட்சரிவில் கற்களுக்கு அடியில் வைப்பது நல்லதா? அந்தச் சுவருக்கு அருகே என் கைப்பேசி ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆயத்தொலைவுகளைக் காட்டுகிறது, திசைகாட்டும் அம்பும் சுழல்கிறது. பாறையின் காந்தத்தன்மைதான் இரண்டுக்கும் காரணமா? கடைசியாக, பெட்டியை அறிவிக்கும் இணையப் பக்கமான கேச் பக்கத்தில் இதை ‘உறங்கும் எரிமலை’ என்று எழுதுவது சரியா, ‘அணைந்த எரிமலை’ என்று எழுதுவது சரியா?

முதல் பதில்

இரண்டாவது ஐயத்துக்கு மட்டும் நான் விடை சொல்கிறேன். நீங்கள் இரு வேறு கோளாறுகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். கைப்பேசி தன் இருப்பிடத்தைக் கணிப்பது செயற்கைக்கோள்களிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞைகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொண்டு. பாறையின் காந்தம் அதைத் தொடுவதில்லை. ஆனால் நீங்கள் அசையாமல் நிற்கும்போது அம்பின் திசையைத் தருவது கைப்பேசிக்குள் இருக்கும் காந்த உணரி. எரிமலைக் குழம்பு உறைந்து உருவாகும் பசால்ட் பாறையில் மேக்னடைட் என்னும் இரும்புக் கனிமம் இருப்பதால், பாறைக்கு மிக அருகில் அந்த உணரி ஏமாறும். சுவரை ஒட்டி நின்றுகொண்டு அம்பைப் பார்க்காமல், இருபது முப்பது மீட்டர் தள்ளியிருந்து நேராக நடந்து வந்தால் திசை ஓரளவு பிடிபடும்.

இருப்பிடம் அலைவதற்குக் காரணம், சுவர் வானத்தின் பாதியை மறைப்பதுதான். சில சமிக்ஞைகள் அதில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வந்து சேர, கணக்கு பிசகிவிடுகிறது. திறந்த வெளியில் கைப்பேசி சுமார் 5 மீட்டர் துல்லியம் தரும்; சுவரோரத்தில் அதை எதிர்பார்க்க முடியாது. நாம் ஆயத்தொலைவைப் பாகை, கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), கலையின் மூன்று தசம இடங்கள் என்று எழுதுகிறோம் அல்லவா? கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர் நகர்ந்துவிட்டதாகப் பொருள். அந்த இலக்கம் பத்துப் பன்னிரண்டு என்று துள்ளினால், தேடுபவர் இருபது மீட்டர் சரிவு முழுவதையும் கிளறிப் பார்ப்பார். வெவ்வேறு நாள்களில் சென்று, ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள் காத்திருந்து அளவெடுத்து, சராசரியைப் போடுங்கள்.

இந்த விளையாட்டு பிறந்ததே துல்லியம் கூடியதால்தான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சமிக்ஞையில் வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்க அரசு 2000 மே 2 அன்று நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியை வைத்து, அதன் ஆயத்தொலைவை இணையத்தில் அறிவித்தார்.

இரண்டாம் பதில்

அந்த வாளி இருந்த வட்டாரத்தைச் சொன்னதும் எனக்குக் கைகள் துறுதுறுக்கின்றன, ஏனென்றால் உங்கள் மூன்றாவது ஐயத்துக்கு விடையும் அங்கேயே கிடக்கிறது. போர்ட்லாண்ட் நகரையும் அதன் புறநகர்களையும் ஒட்டிப் பரவியிருக்கும் எரிமலைப் புலத்துக்கு, அதாவது பல சிறு எரிமலைகள் சிதறிக் கிடக்கும் பரப்புக்கு, போரிங் என்று பெயர். (பக்கத்து ஊரின் பெயர் அது, போரடிக்கும் இடம் என்று எண்ணிவிட வேண்டாம்.) எண்பதுக்கும் மேற்பட்ட வாய்கள் அதில் உண்டு. அவற்றுள் ஒன்றான டேபர் குன்று இன்று நகரப் பூங்கா. உங்கள் குன்றைப் போலவே அதன் மேலும் குடிநீர்த் தேக்கங்களைக் கட்டியிருக்கிறார்கள். வெட்டுப்பட்ட எரிமலைக் கசடு வெளியே தெரியும் இடத்தில் கூடைப்பந்து ஆடுகளம் இருக்கிறது.

இத்தகைய சிறு கூம்புகள் பெரும்பாலும் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வெடிக்கும். ஓரிரு ஆண்டுகளோ, சில மாதங்களோ நெருப்பைக் கக்கிவிட்டு, குழாய் உறைந்து அடைபட்டுப் போகும். அடுத்த முறை மாக்மா (நிலத்தடிப் பாறைக்குழம்பு) எழும்பினால் அந்தப் பழைய வழியை நாடாமல் புலத்தில் வேறோர் இடத்தில் புதிதாகத் துளைத்துக்கொண்டு வரும். ஆகவே உறக்கம் என்ற சொல்லைக் கூம்புக்குச் சொல்வதா, புலம் முழுவதற்கும் சொல்வதா என்பதில்தான் குழப்பமே. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகளின் மேல் பரவியிருக்கிறது. அவற்றுள் மிக இளையதான ராங்கிடோட்டோ சுமார் 600 ஆண்டுகளுக்கு முன்பு கடலிலிருந்து எழுந்தது. அங்கே புறநகர்த் தெருமுனையில் நிற்கும் பழைய கூம்பு ஒவ்வொன்றும் அணைந்ததுதான். ஆனால் புலம் உறங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் குன்று எந்தப் புலத்தைச் சேர்ந்தது, அந்தப் புலத்தில் கடைசி வெடிப்பு எப்போது என்பதை அதே நிலவியல் வரைபடத்தின் விளக்கக் குறிப்பில் பாருங்கள். கூம்பு அணைந்தது, புலம் உறங்குகிறது என்று இரண்டையும் பிரித்து எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது.

மூன்றாம் பதில்

முதல் ஐயத்துக்கு என் விடை: இரண்டு இடமும் வேண்டாம். இதை நான் பட்டு அறிந்து சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படியொரு கூம்பின் உட்சரிவில், கை அளவுக் கற்கள் நான்கைந்தை அடுக்கி அவற்றுக்குள் ஒரு டப்பாவை வைத்தேன். முதல் மாதத்தில் வந்தவர்கள் எல்லாரும் மகிழ்ந்து எழுதினார்கள். ஆறாம் மாதம் நானே ஏறிப் பார்த்தபோது, புல்வெளியின் குறுக்கே முழங்கால் அகலத்துக்குச் சிவந்த வடு ஒன்று விழுந்திருந்தது. தேடியவர்கள் ஒவ்வொரு கல்லாகப் புரட்டிப் போட்டிருந்தார்கள். புரட்டிய இடமெல்லாம் உதிர்ந்து, கூழாங்கற்களைப் போலச் சரிந்துகொண்டிருந்தது. அந்த வாரமே டப்பாவை எடுத்துவிட்டுப் பக்கத்தையும் மூடினேன். வடு இன்னும் ஆறவில்லை.

காரணம் எளியது. இந்தக் கூம்புகள் ஸ்கோரியா என்னும் கசடால் ஆனவை. வாயுக் குமிழிகளோடு நுரைத்துத் தெறித்த குழம்பு காற்றிலேயே உறைந்து, கட்டிகளாக விழுந்து குவிந்தது அது. பெரும்பாலும் ஒட்டுப் பொருள் ஏதுமின்றி, தானியக் குவியல் நிற்பதுபோல் முப்பது பாகைச் சரிவில் நிற்கிறது. மேலே உள்ள மெல்லிய புல்வேர்ப் போர்வைதான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. குவாரிச் சுவரிலோ அந்தப் போர்வையும் இல்லை. இடுக்கில் கை விடுபவரின் தலையில் கல் விழும்.

நான் இப்போது செய்வதாக இருந்தால், வாய்க்கு எர்த்கேச் வகையைத் தேர்ந்தெடுப்பேன். 2004 முதல் இருக்கும் இந்த வகையில் பெட்டியே கிடையாது. வருபவர் இடத்தைக் கவனித்து, நீங்கள் கேட்கும் நிலவியல் கேள்விகளுக்கு விடை அனுப்ப வேண்டும். குவாரிச் சுவர் உங்களுக்குக் கிடைத்த வரம், ஏனென்றால் எரிமலையின் குறுக்குவெட்டே அங்கே திறந்து கிடக்கிறது. பாதுகாப்பான தூரத்தில் ஒரு புள்ளியைக் குறித்து, அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று கேளுங்கள். வாயை நோக்கிச் சாய்ந்தால் அது உட்சரிவில் விழுந்த கசடு. விலகிச் சாய்ந்தால் வெளிச்சரிவு. ஓரிடத்தில் கசடு கறுப்பாகவும் இன்னோரிடத்தில் செங்கல் நிறமாகவும் இருக்கும். சூடு ஆறாமலே காற்றும் நீராவியும் பட்டு இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்த இடந்தான் சிவப்பு. அதையும் கேட்கலாம். பெட்டியை அடிவாரத்தில் வேலியோரம் வையுங்கள். மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது, அருகிலுள்ள வேறு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பவை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்று. நில உரிமையாளரின் அனுமதி கட்டாயம். ‘மறக்கப்பட்ட இடம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். யார் மறந்தது என்று ஒரு முறை விசாரியுங்கள். ஆக்லாந்தின் மவுங்காவாவ் குன்றின் வாய்க்குள், வேலி பெரிதாக இல்லாவிட்டாலும், யாரும் இறங்கக் கூடாது. மவோரி மக்களுக்கு அது புனிதமான இடம். தெரியாமல் வந்த பயணிகள் அதையும் வெறும் புல் பள்ளமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை மீண்டும் போயிருந்தேன். சுவருக்கு எதிரே நாற்பது அடி தள்ளி நின்று பார்த்தபோது, இத்தனை நாள் வெறும் அழுக்குக் கோடுகள் என்று நான் நினைத்தவை அடுக்குகள் என்பது தெரிந்தது: இடப்பக்கம் வெளியே சாய்ந்து, ஓர் இடத்தில் உடைந்து, அதற்கப்பால் உள்ளே சாய்கின்றன. உடையும் இடத்தில்தான் பழைய விளிம்பு இருந்திருக்க வேண்டும். என் முதல் கேள்வி அதுவே. பாதையில் உதிர்ந்து கிடந்த கசட்டை எடுத்துப் பார்த்தேன். அதன் அளவுக்கு நம்ப முடியாத அளவு எடை குறைவு. எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

நிலம், தண்ணீர்த் தொட்டியைப் பராமரிக்கும் அமைப்புக்குச் சொந்தமாம். எர்த்கேச், வேலியோரப் பெட்டி இரண்டுக்கும் சேர்த்து அனுமதி கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பெட்டி இருக்கப்போகும் இடத்துக்குச் சாலையிலிருந்து தார்ப்பாதை செல்கிறது, கடைசியில் மட்டும் ஒரு படி. அந்த இடத்தை எட்டுவது எவ்வளவு கடினம் என்று கேச் பக்கத்தில் தரும் நிலப்பரப்பு மதிப்பெண்ணுக்கு 1 என்று போடலாமா?

மூன்றாம் பதிலை எழுதியவர்

கூடாது. 1 என்பது சக்கர நாற்காலியில் வருபவரும் பிறர் உதவியின்றி எட்டக்கூடிய இடத்துக்கு மட்டுமே. அந்தப் படி இருக்கும்வரை 1.5 போடுங்கள், படிக்கு இப்பால் வேலியில் இடம் இருந்தால் பெட்டியை அங்கே மாற்றிவிட்டு 1 போடுங்கள்.